மூன்றாம் மாடியின் நாலாவது மில்ட்ரெட்

லொங்குய்யில் ஒரு சேமக்காலை இருக்கிறது, கல்லறைத் தோட்டம். மஞ்சள் மெட்ரோவில் ஆற்றுக்கு அடியால் போய் இறங்கி, பிறகு பஸ் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த பஸ் வருவது அதன் மனதைப் பொறுத்தது. அங்கே வேலியோரமாக ஒரு கறுப்புக் கல். கல்லில் சிலுவையும் ஒரு பெண்ணின் பெயரும் வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது கல்லுக்குக் கீழே கிடக்கிற மனுசியின் பெயர் இல்லை. முன்பின் தெரியாத யாரோ ஒருத்தியின் பெயர். அந்த ஒருத்தி இன்றைக்கும் எங்கேயாவது உயிரோடு இருந்து சோறு காய்ச்சிக்கொண்டிருக்கவும் கூடும்.

கல் வெட்டக் கொடுத்த நேரம், கீழே கிடக்கிறவரின் தம்பியிடம் கேட்டுப் பார்த்தேன். “உண்மைப் பேரைச் சின்ன எழுத்திலயெண்டாலும் கீழ போடுவமே?”

தம்பி பயந்த மனுசன். “கடதாசியில என்ன பேரோ அதைத்தான் போடேலும். பேந்து ஏதும் பிரச்சினையெண்டா ஆர் இழுபடுறது?” என்றார்.

செத்த ஆளுக்கு இனி என்ன பிரச்சினை வரப்போகிறது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் கிழமை எனக்கு ஆறு நாள் வேலை. வாய் திறக்கவும் அலுப்பாக இருந்தது.

நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் புவாண்ட்-கிளேரில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு பேரும் ஒன்றாக வேலை செய்தோம். மூன்றாம் மாடி எங்களுடையது. ஊர் பிரெஞ்சு பேசினாலும் அங்கே இருந்தவர்கள் எல்லோரும் ஆங்கிலம் பேசுகிற வெள்ளைக்காரக் கிழவிகள். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது, கட்டிலில் இருந்து கதிரைக்கும் கதிரையில் இருந்து கட்டிலுக்கும் தூக்குவது. இதுதான் வேலை. நான் கார்ட்டியர்வில்லில் இருந்து மெட்ரோ, பஸ், இன்னொரு பஸ் என்று போய்ச் சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். மிச்சப் பாதியை மூன்றாம் மாடி எடுத்துக்கொள்ளும்.

அக்காவை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அவர் கதவு தட்டுவதுதான். பத்து மணிக்கு முன்னால் இருபத்திரண்டு பேரைக் கழுவித் துடைத்து இருத்த வேண்டும். நாங்கள் எல்லோரும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், “ஹலோ டியர்” என்றோ “போன்ஜூர் மதாம்” என்றோ சொல்லிப் போர்வையை இழுத்துவிடுவோம். அக்கா அப்படி இல்லை. இரண்டு தரம் தட்டுவார். கதவில் ஒட்டியிருக்கிற பெயர்த் தகட்டைப் பார்ப்பார். நேற்றும் அதே பெயர்தான், முந்தாநாளும் அதே பெயர்தான். இருந்தாலும் புதிதாக வாசிக்கிறவர் போல வாசிப்பார். “குட் மோர்னிங், டொறத்தி.” “குட் மோர்னிங், எதெல்.” உள்ளே இருந்து ஒரு முனகலாவது வரும்வரை வாசலிலேயே நிற்பார்.

“அக்கா, நேரம் போகுது. வாங்கோ” என்று நான் கத்துவேன்.

“பேரைச் சொல்லாமல் ஆளில கை வைக்கக்கூடாது. அவையள் என்ன ஆடு மாடே?” என்பார்.

வெளியிலும் அதே கூத்துத்தான். பஸ் சாரதிக்குப் பெயர் சொல்லி வணக்கம். தெப்பனூர் என்கிற மூலைக்கடையில் பால் விற்கிற லெபனான்காரனுக்குப் பெயர் சொல்லி வணக்கம். புதிதாக யாராவது வேலைக்கு வந்தால் கோப்பி குடிப்பதற்குள் பெயரைக் கேட்டு, இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, சரிதானா என்றும் கேட்டு வைத்துக்கொள்வார். எனக்கு எரிச்சலாக இருக்கும். மனுசிக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்திருக்கிறேன்.

மூன்றாம் மாடியில் மூன்று மில்ட்ரெட்டுகள் இருந்தார்கள். குழப்பம் வராமல் இருக்க நாங்கள் பட்டம் வைத்திருந்தோம். ஒருவர் ஜன்னல் மில்ட்ரெட். நாள் முழுவதும் வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் தொப்பி மில்ட்ரெட். குளிக்கும்போதும் கம்பளித் தொப்பியைக் கழற்ற விடமாட்டார். மூன்றாவது கோபக்கார மில்ட்ரெட். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இந்த மூன்று கதவுகளுக்கு முன்னால் மட்டும் அக்காவின் குரல் மாறும். கொஞ்சம் இறங்கி, கொஞ்சம் வெட்கப்படுகிற மாதிரி.

ஒருநாள் மத்தியான இடைவேளை. அக்கா பாணுக்குள் மீனும் சம்பலும் வைத்துக் கொண்டுவந்திருந்தார். நான் பகிடியாகக் கேட்டேன். “என்னக்கா, உங்களுக்கு மில்ட்ரெட்டுகளில ஒரு தனிப் பாசம்?”

“என்ர பேரெல்லே” என்றார், வாய்க்குள் பாணோடு.

நான் சிரித்தேன். அவருடைய சட்டையில் குத்தியிருந்த அட்டையில் வேறு பெயர் இருந்தது. நல்ல தமிழ்ப் பெயர், சைவப் பெயர். கத்தோலிக்க மனுசிக்கு இப்படி ஒரு பெயரா என்று நான் முன்பே யோசித்ததுண்டு. கேட்கவில்லை. எங்கள் ஆட்களிடம் கடதாசியைப் பற்றி ஒருவரும் ஒருவரையும் கேட்பதில்லை.

“சிரியாதையும். ஞானஸ்நானத்தில வைச்ச பேர் மில்ட்ரெட். இது ஏஜென்சிக்காரன் தந்த பேர்.”

கதை இவ்வளவுதான். அவரைக் கொண்டுவந்த ஏஜென்சிக்காரன் வேறு ஒருத்தியின் பாஸ்போர்ட்டில் படத்தை மாற்றி ஒட்டினான். விமானத்துக்குள் பாஸ்போர்ட்டைக் கிழித்துப் போடச் சொன்னான். ஆனால் யார் கேட்டாலும் இந்தப் பெயரைத்தான் சொல்ல வேண்டும், மாற்றிச் சொன்னால் அடுத்த பிளேனிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வெருட்டியும் வைத்தான். அப்படி வந்தவர்கள் ஆயிரம் பேர். எல்லோரும் அடுத்த கிழமையே லோயரிடம் உண்மைப் பெயரைச் சொல்லிச் சரிப்படுத்திக்கொண்டார்கள்.

“நான் மட்டும்தான் குடுத்த வாக்கைக் காப்பாத்தினது” என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். அவர் சிரித்தால் வயிறு குலுங்கும். “விசரி எண்டு சொல்லும். அந்தக் கள்ளன் சொன்னதை வேதவாக்கா எடுத்தன். விசாரணையில அந்தப் பேர், வைத்திய அட்டையில அந்தப் பேர். சிற்றிசன் எடுக்கேக்க கையை உயர்த்தி, ஆரோ ஒருத்தியா நிண்டு சத்தியம் பண்ணினனான். கர்த்தருக்கு முன்னால.”

“இப்பவும் மாத்தலாமே அக்கா?”

“மாத்தப் போய், நீ பொய் சொல்லித்தானே வந்தனி எண்டு சிற்றிசனைப் பறிச்சுப்போட்டா? இந்த முதுகோட நான் இனித் திரும்பி எங்க போறது?”

ஒவ்வொரு தவசு காலத்திலும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்வாராம். தமிழ்ச் சுவாமியாரும் ஒவ்வொரு முறையும் போய்ச் சரிசெய்யுங்கள் என்பாராம். இவரும் ஓம் சுவாமி என்று எழும்பி வருவாராம். பன்னிரண்டு வருடமாக இதே பாவம், இதே மன்னிப்பு. எனக்கு அதைக் கேட்கச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மில்ட்ரெட் என்ற பெயர் எப்படி வந்தது என்று பிறகு துண்டு துண்டாகச் சொன்னார். பெரும்பாலும் கட்டில் விரிப்பு மாற்றும்போது, அவர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் நின்று இழுக்கும்போது. அவருடைய ஐயா கொழும்பில் ஒரு ஆங்கிலேயத் துரைக்குக் கார் ஓட்டியவர். துரைசானியின் பெயர் மில்ட்ரெட். “துரைசானியின்ர பேரை வைச்சா பிள்ளையும் கதிரையில இருந்து, இன்னொராள் பரிமாறச் சாப்பிடும் எண்டு ஐயா நினைச்சவராம். இப்ப பாரும். மில்ட்ரெட்டுகள் எல்லாம் கதிரையில. நான் கரண்டியோட.”

பெயரின் பூர்வீகத்தை அவருக்குச் சொன்னது ஜன்னல் மில்ட்ரெட். அந்தக் காலத்தில் பள்ளிக்கூட ரீச்சராக இருந்தவர். அப்போது புத்தி தெளிவாகவே இருந்தது. பழைய ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் ஒரு பாதிக்கு மென்மை என்றும் மற்றப் பாதிக்குப் பலம் என்றும் பொருளாம். இங்கிலாந்தில் ஒரு அரச குடும்பத்துப் பெண் அந்தப் பெயரோடு இருந்தாள். படிக்கவென்று அவளைப் பிரான்சில் ஒரு கன்னியர் மடத்துக்கு அனுப்பினார்கள். அந்த மடத்துத் தலைவி தன் சொந்தக்காரன் ஒருவனுக்கு அவளைக் கட்டிவைக்கப் பார்த்தாள். மாட்டேன் என்றதும் அவளை எரிகிற அடுப்புக்குள் போட்டு மூடினாள். அவளோ ஒரு மயிர் கருகாமல் வெளியே வந்து, கப்பலேறி ஊர் திரும்பி, பிறகு புனிதையாகிவிட்டாள். கரையில் இறங்கிய இடத்தில் கல்லில் அவள் கால் பதிந்ததாம்.

அந்த நாட்களில் அக்கா வேலை முடிந்து பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். வினைச்சொற்கள் மண்டைக்குள் ஏறாமல் அழாத குறை. “பாத்தீரே, பிரெஞ்சு படிக்கப் போற பிள்ளையளை அடுப்புக்குள்ள போடுறது அந்தக் காலத்திலயே துவங்கியிருக்கு” என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததும் அவருக்கு அத்துப்படி. பிரெஞ்சுக்காரர் போய் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு இந்த மாதிரிப் பழைய பெயர்கள் மெல்ல மெல்ல இல்லாமல் போயின. பல நூறு வருடம் கிட்டத்தட்ட ஒருவரும் சீண்டவில்லை. பிறகு விக்டோரியா ராணியின் காலத்தில் பழையதெல்லாம் நாகரிகமாகி, மில்ட்ரெட்டும் எழும்பி வந்தது. ஜன்னல் மில்ட்ரெட் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வகுப்புக்கு இரண்டு மூன்று மில்ட்ரெட் இருப்பார்களாம். ரீச்சர் கூப்பிட்டால் மூன்று தலை நிமிருமாம். அதற்குப் பிறகு ஒரு தலைமுறை போவதற்குள் சீ என்று விட்டுவிட்டார்கள். இதை அக்கா தானே கண்டுபிடித்தும் வைத்திருந்தார். எங்கள் இல்லத்தில் எல்லோருடைய கோப்பிலும் பிறந்த ஆண்டு இருக்கும்.

“முப்பத்தைஞ்சுக்குப் பிறகு பிறந்த ஒரு மில்ட்ரெட்டை நான் இஞ்ச காணேல்லை. நான் ஐம்பத்தொண்டில பிறந்தனான். எங்களுக்கு எப்பவும் எல்லாம் பிந்தித்தானே வாறது. அவையள் கழட்டிப் போட்ட பிறகு அது கப்பலேறி எங்களிட்ட வந்திருக்கு.”

அவர் அதைக் கவலையாகச் சொல்லவில்லை. விரிப்பின் மூலையை மடித்துச் செருகிக்கொண்டே சொன்னார்.

இப்போது கோபக்கார மில்ட்ரெட். தொண்ணூறு வயது. எல்லாம் மறந்துபோன மனுசி. கட்டின புருசனின் பெயர் மறந்து, பெற்ற பிள்ளைகளின் முகம் மறந்து, கரண்டி என்றால் என்ன என்பதும் மறந்தாயிற்று. குளிக்க வைக்கப் போனால் துப்புவார், கிள்ளுவார். மேற்பார்வையாளர் அவரைப் புருசனின் குடும்பப் பெயரைச் சொல்லி, மிஸஸ் இன்னார் என்று மரியாதையாகக் கூப்பிடச் சொல்லியிருந்தார். கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருப்பார். அக்கா வாசலில் இறங்கிய குரலில் சொல்கிற மில்ட்ரெட்டுக்கும் ஒரு முனகல்தான் வரும். ஒரு மாசிமாதக் காலை, நான் கிள்ளு வாங்கி அழுதுகொண்டு வெளியே வந்தேன். அக்கா என்னை ஒதுக்கிவிட்டு வாசலில் நின்றார். தட்டவில்லை. குட் மோர்னிங் சொல்லவில்லை. முற்றத்தில் விளையாடுகிற பிள்ளையைத் தாய் கூப்பிடுகிற மாதிரி, இழுத்து, கொஞ்சம் அதட்டி, “மில்ட்ரெட்!” என்றார்.

கிழவி சட்டென்று தலையைத் தூக்கியது. “கமிங், மதர்” என்றது. குரல் பத்து வயதுப் பிள்ளையின் குரல். பிறகு கையை நீட்டிக்கொண்டு தானாகவே எழும்பப் பார்த்தது. அன்றைக்கு எங்களுக்கு ஒரு சண்டையும் இல்லாமல் குளிப்பாட்டி முடிந்தது.

மத்தியானம் அக்கா சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே இருந்தார்.

“எல்லாம் போனாலும் முதல் கேட்ட பேர் மட்டும் கிடக்கும் போல” என்றார். பிறகு, “எனக்கு உப்பிடி வந்தா ஆர் என்னைக் கூப்பிடுறது?”

“ஏனக்கா, நாங்கள் எல்லாரும் இருக்கிறம்.”

“நீங்கள் எல்லாரும் இருக்கிறியள். உமக்கு நான் அக்கா. தம்பிக்கு அக்கா. அவன்ர பெஞ்சாதிக்கு மச்சாள், பிள்ளையளுக்கு மாமி. கோயிலுக்குப் போனா அன்ரி. அம்மா, ஐயா, என்ர மனுசன், அந்த மூண்டு பேரும்தான் மில்ட்ரெட் எண்டு கூப்பிட்டவை. மூண்டு பேரும் மண்ணுக்குள்ள. இஞ்ச வந்த நாளில இருந்து அந்தப் பேரால ஒருத்தரும் என்னைக் கூப்பிட்டு நான் கேக்கேல்லை. நானேதான் ஒவ்வொரு கதவிலயும் சொல்லிக்கொண்டு திரியிறன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஒருக்காக் கூப்பிடும் பாப்பம்.”

“ஐயோ அக்கா, விசரே? வயசுக்கு மூத்த ஆளைப் பேர் சொல்லியே கூப்பிடுறது?”

“நான்தானே கேக்கிறன். ஒருக்கா.”

வாய் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், முயற்சி செய்தேன். “மி” என்று தொடங்கி, சிரிப்பு வந்து, வெட்கம் வந்து, “போங்கோ அக்கா” என்று முடிந்தது. சின்ன வயதில் பக்கத்து வீட்டு அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு அம்மா என் வாயில் அடித்தது ஞாபகம் வந்தது. அக்காவும் சிரித்தார். “சரி விடும். எழும்பும், நேரமாச்சு” என்றார். எங்களில் மரியாதை என்பது பெயரைச் சொல்லாமல் விடுவது. அந்த மரியாதைதான் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருந்தது என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வருடம் எனக்குப் பிள்ளை வயிற்றில். பெண் பிள்ளை என்று தெரிந்ததும் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்காமல் இருந்ததுதான் எனக்குத் தைத்தது. வீட்டில் கதையைத் தொடங்கினேன். நடுப்பெயராகவாவது மில்ட்ரெட் என்று வைப்போமா?

“என்ன கண்டறியாத பேர் அது? எண்பது வயசுக் கிழவியளின்ர பேர். பள்ளிக்கூடத்தில பெடியள் பிள்ளையை நாறடிச்சுப்போடுவாங்கள்” என்றார் என் வீட்டுக்காரர். நான் ஏழு மாதம். கால் வீங்கி, சப்பாத்துக்குள் போகவில்லை. சண்டை பிடிக்க உடம்பில் சத்து இல்லை. ஜெனிஷா என்று வைத்தோம். பொருள் என்னவென்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

ஆனால் ஞானத்தாயாக அக்காதான் நிற்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அக்காவும் சந்தோசமாக ஓம் என்றார். எங்கள் பகுதிக்குப் பக்கத்து அஹுன்ட்சிக்கில் இருந்த ஒரு கோயிலில் திருமுழுக்கு. வயதான பிரெஞ்சுச் சுவாமியார், காதும் மந்தம். எல்லாம் முடிந்து பதிவேட்டில் எழுதும்போது அவர் நீளமாக ஒரு கேள்வி கேட்டார். என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். பிரெஞ்சில் யார் என்ன கேட்டாலும் “வுய், வுய்” என்று தலையாட்டுவார். இல்லை என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டி வரும், ஆம் என்றால் தொல்லை இல்லை என்பது அவருடைய கணக்கு. ஆட்டினார்.

சுவாமியார் முகம் மலர்ந்து அக்காவிடம் கையை நீட்டினார். அக்காவுக்கு அதற்குள் கொஞ்சம் பிரெஞ்சு வந்திருந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. இந்த ஊரில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. பெண் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால் முதலில் மரி என்று எழுதுவார்கள், அடுத்ததாக ஞானத்தாயின் பெயர், கடைசியில்தான் கூப்பிடுகிற பெயர். இப்போது ஒருவரும் செய்வதில்லை. சுவாமியாருக்கு அந்தக் காலத்து ஆசை, வீட்டுக்காரர் வேறு வுய் சொல்லிவிட்டார். ஞானத்தாயின் பெயர் என்ன என்று கேட்டு, அடையாள அட்டைக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

அக்கா அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சொல்லுங்கோ அக்கா, சொல்லுங்கோ என்று எனக்குள் கத்தினேன். அவர் வாயை மூடினார். அட்டையைக் கொடுத்தார். சுவாமியார் மூக்குக் கண்ணாடியை உயர்த்தி, எழுத்துக்கு எழுத்துப் பார்த்து, அந்த யாரோ ஒருத்தியின் பெயரை என் பிள்ளையின் பெயருக்கு நடுவில் எழுதினார்.

வெளியில் நனைந்த பனி. படியில் நின்று அக்கா என் கையைப் பிடித்தார். “என்னை மன்னியும். உம்மட பிள்ளையின்ர கடதாசியிலயும் பொய்யை ஏத்திப்போட்டன்.”

“அதுக்கென்னக்கா. ஆர் பாக்கப் போகினம்?”

“நான் வாய் திறந்தனான். கண்டனீரே? திறந்தனான்.”

“கண்டனான் அக்கா.”

அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. வீட்டுக்காரரின் வுய்யில் கோபம், ஏஜென்சிக்காரனில் கோபம். எல்லாவற்றையும்விட என்னில் கோபம். நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சுவாமி, இவவின்ர பேர் மில்ட்ரெட் எண்டு எழுதுங்கோ என்று. பதிவேடு என்ன, குடிவரவு அலுவலகமா?

மகள் கார்தெரிக்கு, அதாவது குழந்தைகள் காப்பகத்துக்குப் போகத் தொடங்கியதும், எனக்கு வேலை பிந்துகிற நாட்களில் அக்காதான் போய்க் கூட்டி வருவார். அங்கே பிள்ளைகள் சப்பாத்தும் கோட்டும் வைக்கிற பெட்டிகளில் பெயர்கள் ஒட்டியிருக்கும். எம்மா, லியா, நொயெமி, இன்னொரு எம்மா. அக்கா ஒவ்வொன்றையும் நின்று வாசிப்பார். முதல் நாள் வாசித்துவிட்டு என்னிடம் வந்து, “ஒண்டுமில்லை” என்றார். இருக்காது என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு செப்டம்பரும் புதுப் பிள்ளைகள் வந்தவுடன் போய்ப் பார்ப்பார். “எம்மாவும் கிழவியளின்ர பேர்தான். அது எழும்பி வந்திட்டுது. எங்கடை இன்னும் படுத்திருக்கு” என்பார்.

மூன்றாம் மாடியில் தகடுகள் கழன்றுகொண்டிருந்தன. முதலில் தொப்பி மில்ட்ரெட் போனார். பிறகு ஜன்னல் மில்ட்ரெட். அவருடைய மகன் வந்து தொலைக்காட்சியையும் நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு போனார், தகட்டை விட்டுவிட்டார். அக்கா அதைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, அலுவலக மேசையில் கொண்டுபோய் வைத்தார். கோபக்கார மில்ட்ரெட் தொண்ணூற்றைந்து வரை கிடந்தார். அந்தத் தகடும் இறங்கிய அன்று அந்தக் கதவில் லின்டா என்று புதிதாக ஒட்டினார்கள். “முடிஞ்சுது. இனி இந்த மாடியில நான் ஒருத்திதான்” என்றார் அக்கா. பிறகு கதவைத் தட்டி, “குட் மோர்னிங், லின்டா” என்றார்.

அடுத்த குளிர்காலம் பஸ் தரிப்பில் விழுந்தார். மூளையில் இரத்தக் கட்டி. நான் ஆசுபத்திரிக்குப் போன நேரம் நாலாவது நாள். காலை பத்து மணி, நல்ல வெயில், கண் கூசுகிற மாதிரிப் பனி. தம்பி லொங்குய்யில் இருந்து வந்து தலைமாட்டில் நின்றார். கட்டிலுக்கு மேலே வெள்ளைப் பலகையில் அந்தக் காகிதப் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அக்காவின் கண் திறந்திருந்தது. ஆனால் எங்களைத் தாண்டி எதையோ பார்த்தது.

ஒரு இளம் நர்ஸ் கையில் படிவத்தோடு வந்தாள். கூப்பிட்டால் திரும்புகிறாரா, சொன்னது விளங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள். விளங்கினால் நடக்கவும் பேசவும் பழக்குகிற இடத்துக்கு அனுப்புவார்கள். இல்லாவிட்டால் நீண்டகாலக் கட்டில்தான். நீண்டகாலக் கட்டில் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அந்தக் கட்டில்களின் விரிப்பைத்தான் நானும் அக்காவும் இத்தனை வருடம் இழுத்தோம்.

நர்ஸ் குனிந்து பலகையில் இருந்த பெயரைக் கூப்பிட்டாள். இன்னொரு தரம். மூன்றாம் தரம் தோளில் தட்டி. அக்கா அசையவில்லை. நர்ஸ் படிவத்தில் ஏதோ எழுதினாள்.

“அக்கா… அக்கா, நான் வந்திருக்கிறன்” என்றார் தம்பி. அசைவில்லை.

“நாலு நாளா இப்பிடித்தான்” என்று என்னிடம் சொன்னார்.

“அது அவவின்ர பேரில்லை அண்ணை” என்றேன்.

அவர் பயந்து நர்ஸைப் பார்த்தார். “பிள்ளை, சும்மா இரும். இதுக்குள்ள அந்தக் கதையை எடுக்காதையும். கடதாசி எல்லாம் இவையிட்ட இருக்கு.”

நான் சும்மா இருக்கவில்லை. சும்மா இருந்து இருந்து ஏழு வருடம் போய்விட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, “மில்ட்ரெட்” என்றேன். சத்தம் வரவில்லை. வெட்கம் இன்னும் விட்டுப் போகவில்லை, நாசமாய்ப் போன வெட்கம். நிமிர்ந்தேன். இரண்டடி பின்னால் போய், வாசலில் நின்றேன். முற்றத்தில் நிற்கிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, இழுத்து, கொஞ்சம் அதட்டி, அந்த வார்டு முழுவதும் கேட்கக் கூப்பிட்டேன்.

“மில்ட்ரெட்!”

அக்காவின் தலை திரும்பியது. உதடு ஒருபக்கம் கோணி, பிறகு மெல்ல அசைந்தது.

“ஓம்…” என்றார். “வாறன்.”

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். நர்ஸ் பலகையில் இருந்த பெயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பேனாவை மூடாமலே பிரெஞ்சில் கேட்டாள். மில்ட்ரெட் என்றால் யார்?

எனக்குத் தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சும் அந்த நேரம் கைவிட்டுவிட்டது. அக்காவைக் காட்டி, தமிழிலேயே சொன்னேன்.

“இவதான். இவதான் மில்ட்ரெட்.”